ஒரு கப்பலும் ஒரு பெட்டிசமும்

1

எனக்குச் சரித்திரம் படிப்பித்தது ஒரு பிலிப்பைன்ஸ்காரன். படிப்பித்த இடம் ரொரன்ரோவில் மில்லிக்கன் பக்கத்தில் உள்ள ஒரு பெட்டிக் கொம்பனி. அட்டைப் பெட்டி செய்கிற இடம். நான் மடிக்கிறவன். அவன் ஒட்டுகிறவன்.

பெயர் பென்னி. மணிலாவில் இருபத்திரண்டு வருசம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவன். இங்கே அவனுடைய சான்றிதழை மூன்று தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாம் தரம் அவன் அனுப்பவில்லை.

நான் எட்டாம் வகுப்பு. திருப்பி அனுப்ப என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஊரில் லொறி ஓடினவன். பருத்தித்துறையில் இருந்து கொழும்புக்கு வெங்காயமும் புகையிலையும் கொண்டுபோய், திரும்பி வரும்போது மாவும் சீனியும் ஏற்றி வந்தவன். பதினாறு வருசம். சண்டையில் கண்டி றோட்டு மூடினது, என் தொழிலும் மூடினது. இங்கே வந்து லொறி லைசென்சுக்குப் போனேன். பதினாறு வருசம் ஓடியதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி தரவேண்டிய கந்தோர் எரிந்துபோய்க் கிடக்கிறது என்றேன். கவுண்டரில் இருந்தது நல்ல பெண். சிரித்துக்கொண்டு, எரிந்துவிட்டது என்று அந்தக் கந்தோரில் இருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றாள்.

எழும்பி வந்துவிட்டேன். அதுக்குப் பிறகு பெட்டிதான். ஒன்பது வருசம்.

நானும் பென்னியும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். நாங்களாகத் தெரிந்தெடுத்த மேசை இல்லை. அவனும் கருவாடு கொண்டு வருவான், நானும் கொண்டு வருவேன். மணம் பொறுக்காமல் மற்றவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்.

2

போன வருசம் ஆவணியில் செல்வத்தின் கடிதம் வந்தது. செல்வம் என் மனைவி ராணியின் தம்பி. ஊரில் வெங்காயம் செய்கிறான். கடிதம் கொழும்பு சுற்றி வர ஐந்து கிழமை எடுத்தது.

றோட்டு மூடிய பிறகு எங்கள் பக்கத்துக்குக் கடல்தான் வழி. கப்பல் வரும். வந்தால் உண்டு. அதில் சாமான் ஏற்றவும் இறக்கவும் பெர்மிற் வேண்டும். பெர்மிற்றில் இத்தனை தொன் என்று எழுதியிருக்கும். அது உன் இடம். பெர்மிற் இல்லாவிட்டால் கரையில் நின்று கப்பலைப் பார்க்கலாம். அதற்கு மட்டும் பெர்மிற் தேவை இல்லை. வாசிக்கிற உங்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கே வளர்கிற பிள்ளைகள் வாசித்தால் என்றுதான் எழுதுகிறேன். வாசிக்கமாட்டார்கள்.

செல்வம் எழுதியிருந்தான்:

"அத்தான், இந்த முறை நல்ல விளைச்சல். அதுதான் பிழைச்சுப் போச்சு. கொட்டிலிலை கட்டித் தூக்கின வெங்காயம் முளைக்கத் துடங்கீட்டுது. கப்பல் பாதி வெறுமையாய்த் திரும்பிப் போகுது எண்டு பாத்தவை சொல்லினம். எனக்கு இடமில்லை. பெர்மிற் வைச்சிருக்கிறவை ஆரெண்டு விசாரிச்சன். பாதிப்பேர் ஒரு கிலோ வெங்காயம் வித்தறியாத ஆக்கள். கடதாசியை வித்துப்போட்டு வீட்டிலை இருக்கினம். அதை விலைக்கு வேண்ட என்னாலை ஏலாது. கொழும்பிலை இப்ப வெளிநாட்டு வெங்காயமாம். நான் இஞ்சை மாட்டுக்குப் போடுறன். மாடும் தின்னுதில்லை."

ராணி கடிதத்தை மடித்து என் கையில் தந்தாள்.

"நீங்கள் ஏதாவது செய்யுங்கோவன்."

"இஞ்சையிருந்து நான் என்னத்தைச் செய்யிறது?"

"அப்ப இருங்கோ."

அவளுடைய சண்டை அவ்வளவுதான். அந்த ஒரு சொல் ஒரு கிழமை வீட்டுக்குள் நின்றது.

3

அடுத்த நாள் மதியம் பென்னியிடம் சொன்னேன். வேறு ஆருக்குச் சொல்வது? அவன் கதைத்தது இங்கிலீஸ். என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன்.

"எங்கடை ஊருக்கு ஒரு கப்பல்தான்" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தான். "ஒரு கப்பலோ?"

"ஓம்."

"ஏத்துறதுக்குக் கடதாசி வேணுமோ?"

"வேணும்."

"கடதாசி வைச்சிருக்கிறவன் அதை விக்கிறானோ?"

நான் அவனைப் பார்த்தேன். "உனக்கு ஆர் சொன்னது?"

"இருபத்திரண்டு வருசம் இதைத்தானே கரும்பலகையிலை எழுதினனான்."

அந்தக் கிழமை முழுக்கச் சொன்னான். காலையில் பதினைந்து நிமிசம், மதியம் அரை மணி.

ஸ்பெயின் ராசா பென்னியின் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். மணிலாவுக்குச் சீனாக்காரர் பட்டு கொண்டு வருவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மெக்சிக்கோ. அதுவும் அதே ராசாவுடையது. அங்கே வெள்ளி தோண்டுகிறார்கள். பட்டை அங்கே கொண்டுபோனால் வெள்ளியோடு திரும்பலாம். சும்மா விட்டிருந்தால் நல்ல யாவாரம்.

ஆனால் ஸ்பெயினில் செவில் என்று ஒரு பட்டினம். அங்கே இருந்த முதலாளிமார் ராசாவிடம் போய் அழுதார்கள். மெக்சிக்கோவில் சீனப்பட்டு மலிவாகக் கிடைத்தால் எங்கள் துணியை ஆர் வாங்குவது என்று. ராசா அவர்களுடைய ஆள். சட்டம் போட்டான். மணிலாவில் இருந்து வருசத்துக்கு ஒரு கப்பல், கூடினால் இரண்டு. மெக்சிக்கோவில் ஒரேயொரு துறைமுகத்துக்கு மட்டும் போகலாம். இவ்வளவு பெறுமதிக்கு மேல் ஏற்றக்கூடாது. ராசா பார்க்காத கடல். ராசா பார்க்காத சனம். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கதிரையில் இருந்து எழுதினான். இருநூற்றைம்பது வருசம் நடந்தது.

"ஒரு கப்பல்தான் எண்டால் சனம் என்ன செய்யும்?" என்று கேட்டான்.

"கரையிலை நிண்டு பாக்கும்."

"நூற்றுக்கு நூறு" என்றான். மேசையில் விரலால் சரி போட்டான்.

கப்பலின் வயிற்றை ஒரே அளவான பொதிகளாகப் பிரித்தார்களாம். பொதிக்கு ஒரு கடதாசி. கடதாசி இருந்தால்தான் பட்டு ஏறும். கப்பலோ முட்டமுட்ட நிறையும். சட்டத்தில் உள்ளதை விடக் கூட ஏற்றுவார்கள். பார்க்க வருகிற அதிகாரிக்கும் உள்ளே ஒரு பொதி இருக்கும், அவன் என்ன பார்ப்பான்? குடிதண்ணிச் சாடிக்குக்கூட உள்ளே இடம் விடுவதில்லை. சாடிகளைப் பாய்மரக் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மாதக்கணக்காகப் போவார்கள். மழை பெய்தால் அதில் நிரம்பும்.

"மழை பெய்யாட்டில்?"

"பட்டைக் குடிக்கவேண்டியதுதான்."

கப்பல் கட்ட மரம் வெட்டினது பென்னியின் ஆட்கள். காட்டுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பலர் திரும்பி வரவில்லை. அவர்களுக்குக் கடதாசி கிடையாது. மணிலாத் துரைமாரில் மண்ணைக் கொத்த நினைத்தவன் குறைவு. ஏன் கொத்த வேண்டும்? கப்பல் போனால் ஒரு வருசச் சாப்பாடு. நல்ல நிலம் புல் மூடிக் கிடந்தது. கப்பல் கடலுக்குள் தாண்டுபோன வருசம் பட்டினம் முழுக்கச் செத்த வீடு.

செவில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த முதலாளிமாரை நல்லாகத் தெரியும். லொறியில் ஏறி இருந்து அவர்களோடு பேரம் பேசியிருக்கிறேன்.

"கடதாசி ஆருக்குக் குடுத்தவை?" என்று கேட்டேன்.

"துரைமாருக்கு. பாதிரிமாரின்ரை மடங்களுக்கு. செத்துப்போன பட்டாளக்காரரின்ரை பெண்சாதிமாருக்கு. அந்த மனுசிமாரிட்டைப் பட்டு வேண்டக் காசு எங்கை? பெரிய யாவாரிக்குக் கடதாசியை வித்துப்போடுவினம்."

"கள்ளர்" என்றேன்.

"ஆர்?"

"விக்கிற ஆக்கள்."

பென்னி என்னவோ சொல்ல வாயெடுத்தான். இடைவேளை முடிகிற ஹோர்ன் அடித்தது. நான் எழும்பிவிட்டேன். அந்த நேரம் எனக்குக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

4

எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கோபம் வந்தால் முகத்துக்கு நேரே கேட்காது. பெட்டிசம் எழுதும். வேலி ஒரு அடி தள்ளிப் போட்டால் பெட்டிசம். வாத்தியார் பிந்தி வந்தால் பெட்டிசம். கலியாணம் பேசினால், அது குழம்பும்வரை பெட்டிசம். கீழே பெயர் இராது. "பாதிக்கப்பட்ட பொதுமக்கள்" என்று இருக்கும். அந்தப் பொதுமக்கள் பெரும்பாலும் ஒரு ஆள். அதற்குக் கீழே "பிரதிகள்" என்று போட்டு, மந்திரி வரைக்கும் பெரிய ஆட்களின் பட்டியல். இங்கிலீசில் எழுதினால் இன்னும் விசேசம். படித்தவன் எழுதியிருக்கிறான் என்று கந்தோரில் நிமிர்ந்து இருப்பார்கள்.

ஊரில் இருந்த காலத்தில் நான் ஒரு பெட்டிசமும் எழுதவில்லை. லொறிக்காரனுக்கு ஏது நேரம்? ரொரன்ரோவில் எழுதினேன்.

என் மகள் அனுசாவுக்குப் பதினைந்து வயது. இங்கே வரும்போது ஆறு. என்னோடு கதைக்கிறது குறைவு. கதைத்தாலும் பாதியில் இங்கிலீசுக்குப் போய்விடுவாள். நான் அந்தப் பாதியில் நிற்பேன். அவளைக் கொம்பியூற்றருக்கு முன்னால் இருத்தினேன். நான் தமிழில் சொல்ல அவள் இங்கிலீசில் ரைப் பண்ணினாள்.

"ஓகே, டியர் சேர். ஃபுறம் ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்பா, யூ கான்ற் டூ தற். லெற்றர் எண்டால் சம்படி எழுதோணும்."

"பாதிக்கப்பட்ட பொதுமக்கள் எண்டு போடு."

"அவை எத்தினை பேர்?"

"போடு பிள்ளை."

"திஸ் இஸ் சோ வியர்ட்" என்றாள். போட்டாள்.

மூன்று பக்கம் வந்தது. நான் வாழ்க்கையில் எழுதிய மிக நீளமான கடிதம். பென்னி சொன்ன கதை எல்லாம் எனக்குள் கொதித்துக்கொண்டு இருந்தது. வசனம் வசனமாக வந்தது. கடைசிப் பக்கத்தில் இப்படிச் சொன்னேன்: தாங்களே யாவாரம் செய்யாமல் பெர்மிற்றை விற்றுத் தின்கிற எல்லாருடைய பெர்மிற்றையும் உடனே பறிக்க வேண்டும். உண்மையான யாவாரிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டும்.

அனுசாவை அந்த வசனத்தை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். எனக்கு நல்ல திருப்தி. பெர்மிற் கொடுக்கிற கந்தோருக்கு ஒன்று, பிரதிகள் மூன்று. அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் பிளாசாவில் முத்திரை வாங்கி ஒட்டிப் பெட்டிக்குள் போட்டேன். அனுப்புகிறவர் விலாசம் போடவில்லை. அதில் மிகக் கவனமாக இருந்தேன்.

ராணியிடம் சொன்னேன். அன்று மத்தியானப் பெட்டிக்குள் எனக்கு முட்டை பொரித்து வைத்திருந்தாள்.

5

தை மாதம் யூனியன்வில்லில் ஒரு ஹோலில் பிறந்தநாள். மணியண்ணையின் பேத்திக்கு. மணியண்ணை எங்கள் ஊரில் கடை வைத்திருந்தவர். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். ஊரில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் மூன்றாம் நாள் அவருக்குத் தெரியும். எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆண்கள் ஒரு பக்கமாகக் கூடி நின்றோம். அவர் தொடங்கினார்.

"பெர்மிற் அலுவலைப் பற்றி ஒருத்தன் பெட்டிசம் அடிச்சிருக்கிறான். கனடாவிலை இருந்து."

"உங்களுக்கு எப்பிடியண்ணை தெரியும் கனடா எண்டு?" என்று ஒருவர் கேட்டார்.

"கனடா முத்திரை ஒட்டியெல்லே அனுப்பியிருக்கிறான் மொக்கன். பேர் போடேல்லை, விலாசம் போடேல்லை, மகாராணியின்ரை தலையை மட்டும் வடிவா ஒட்டியிருக்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உள்ளுக்கை எழுதினதைப் பாத்தால் எங்கடை ஊரான்தானாம். இந்த ஹோலிலைதான் எங்கையோ நிண்டு றோல்ஸ் தின்னுவான்."

என் கையில் றோல்ஸ் இருந்தது. கீழே வைத்தால் பார்ப்பார்கள். தின்றேன்.

"அதாலை என்ன நடந்தது?" நான்தான் கேட்டேன்.

"என்ன நடக்கும்? சொந்தமாய் யாவாரம் செய்யாத ஆக்களின்ரை பெர்மிற் எல்லாம் போச்சு. ஆர் அதுகள்? புருசன் செத்ததுகள், செல் விழுந்து வெடிச்சுக் கால் போனதுகள். ஏதோ இரக்கப்பட்டுக் குடுத்திருந்தது. கேக்கப் போனதுகளுக்குக் கந்தோரிலை பெட்டிசத்தைத் தூக்கிக் காட்டினவையாம். உங்கடை சனமே கேக்குது, நாங்கள் என்ன செய்யிறது எண்டு. இப்ப எல்லா இடமும் ரவுண் முதலாளிமார் மூண்டு பேரிட்டை. அவங்கள் உண்மையான யாவாரியள் எல்லே."

வீட்டுக்கு வரும்போது காரில் ராணி கேட்டாள், ஏன் கதைக்கிறியள் இல்லை என்று. றோட்டு வழுக்குது என்றேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பாக்கியத்தின் கடிதம் வந்தது. பாக்கியம் என் ஒரே தங்கச்சி. அவளுடைய புருசன் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கடை வாசலில் செல் விழுந்து செத்தவர். இரண்டு பிள்ளைகள். நான் ஏதோ அனுப்புவேன், அவள் ஏதோ சமாளிக்கிறாள் என்று இருந்தேன். எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்கவில்லை. கடிதத்தை அப்பாட்மென்ற் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்று வாசித்தேன்.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டைச் சொல்லாமல் விட்டிட்டன். இவர் செத்த பிறகு எனக்கு ஒரு பெர்மிற் தந்தவை. சாமான் எடுக்க என்னட்டை முதல் எங்கை? ரவுணிலை ஒரு முதலாளியிட்டைக் கடதாசியைக் குடுப்பன். மாதாமாதம் ஏதோ தருவார். பிள்ளையளின்ரை படிப்பு அதிலைதான் ஓடினது. சொன்னால் குறைவாய் நினைப்பியள் எண்டு சொல்லேல்லை. இப்ப அது நிண்டு போச்சு. கனடாவிலை இருந்து ஆரோ எங்கடை ஊர் ஆள் பெட்டிசம் எழுதினவராம். ஆரெண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ. நான் சண்டை பிடிக்க இல்லை. என்னிலை அவருக்கு என்ன கோவம் எண்டு கேக்கவேணும். அவ்வளவுதான்."

ஒரு பக்கக் கடிதம். லிப்ற் இரண்டு தரம் வந்து திறந்து மூடினது. நான் ஏறவில்லை.

6

ராணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தாள்.

"பாக்கியத்திட்டைக் கடதாசி இருந்திருக்கு" என்றாள். "செல்வத்திட்டை வெங்காயம் இருந்திருக்கு. இஞ்சருங்கோ, அவை ரண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போற சனமெல்லே."

அதுதான். இரண்டு வீட்டுக்கும் இடையில் சைக்கிளில் பத்து நிமிசம். இவள் பெர்மிற் விற்கிறதை வெளியே சொல்ல வெட்கம். அவன் வெங்காயம் அழுகிறதை அக்காவின் மச்சாளிடம் சொல்ல வெட்கம். இரண்டு பேரும் எனக்கு எழுதினார்கள். ஒன்று ஐந்து கிழமை சுற்றி வந்தது. மற்றது எல்லாம் முடிந்த பிறகு வந்தது. இடையில் நான் இங்கிலீசில் மூன்று பக்கம்.

செல்வத்துக்கும் அதால் நல்லது நடக்கவில்லை. பங்குனியில் எழுதினான். முந்தியாவது பத்துப் பேர் கடதாசி வைத்திருந்தார்கள், ஒருவர் இல்லாவிட்டால் ஒருவரிடம் கெஞ்சலாம். இப்போது மூன்று பேர். அவர்கள் சொல்வதுதான் விலை. அடுத்த போகம் வெங்காயம் வைக்கவில்லை, நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தான்.

வேலையில் பெட்டி மடிக்க மடிக்க எனக்குப் பற்றி எரிந்தது. முதலில் பாக்கியத்தில் கோபம், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று. பிறகு செல்வத்தில். பிறகு கந்தோர்க்காரனில். கடிதத்தில் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் செய்திருக்கிறான். ஆயிரம் பெட்டிசம் குப்பைக்குள் போட்டவன் இதை மட்டும் எடுத்து வைத்துச் செய்திருக்கிறான். ஏன்? அவனுக்கு வேண்டியதை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கனநாளைக்குப் பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்த மூன்று பக்கத்தில், ஏன் ஒரு கப்பல் என்று நான் ஓரிடத்திலும் கேட்கவில்லை. றோட்டை ஏன் திறக்கவில்லை என்று கேட்கவில்லை. எங்கள் வெங்காயம் அழுக வெளிநாட்டு வெங்காயம் ஏன் இறங்குகிறது என்று கேட்கவில்லை. கப்பல் ஒன்றுதான் என்பதை மழை, வெய்யில் மாதிரி ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்த ஒன்றில் இடம் பிடித்திருந்த ஏழைகளை இறக்கு என்று எழுதினேன். ராசா கதிரையில் இருந்து எழுதினான் என்று பென்னியோடு சேர்ந்து ஏசினேன். நான் எழுதினது எங்கே இருந்து?

ஒரு நாள் பென்னியிடம் கேட்டேன்.

"கடதாசியை விக்கக்கூடாது எண்டு ராசா எப்பவாவது சட்டம் போட்டவனோ?"

"போட்டவன். கனதரம். ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேட்டிருந்தால்? அந்த மனுசிமாருக்கு என்ன நடந்திருக்கும்?"

யோசித்தான். "அது புத்தகத்திலை இல்லை. கப்பல் எத்தினை, வெள்ளி எவ்வளவு, எல்லாம் இருக்கு. அது இல்லை."

"நீயாவது சொல்லியிருக்கலாமே, அண்டைக்கு."

"சொல்ல வெளிக்கிட்டனான். நீ எழும்பிப் போட்டாய்" என்றான்.

பிறகு நான் சொன்னேன், நான் என்ன செய்தேன் என்று. முழுக்கக் கேட்டான். தன் பெட்டியில் இருந்த மீனில் பாதியை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தான். மிச்சத்தைத் தின்னத் தொடங்கினான். படிப்பித்தவன் எல்லே. எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

7

வைகாசியில் பாக்கியத்துக்கு எழுதினேன். நீ கேட்ட விசயம் தெரிந்துவிட்டது. ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ரெலிபோன் கடைக்கு வா, எடுக்கிறேன் என்று. கடிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால் அவள் அதைத் தனியே இருந்து வாசிப்பாள். அவள் என்னை ஏசிப் பேசவேண்டும் என்று நினைத்தேன். பேச்சு வாங்கினால் எனக்குப் பாரம் குறையும். அதிலும் என் யோசனைதான்.

சொன்ன நாள் வந்தது. எங்களுக்குக் காலை ஏழு மணி. ராணி குசினியில் நின்றாள். முதல் தரத்திலேயே லைன் கிடைத்தது. வழமையாகக் கிடைக்காது.

"அண்ணை? சுகமே? அண்ணி, அனுசா எல்லாரும்?"

"இருக்கினம். பாக்கியம், நீ கேட்டனி எல்லே, ஆர் எழுதினது எண்டு."

"ஓம் அண்ணை. ஆராம்?"

"நான்தான்."

கடையில் ஃபான் சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"உன்னட்டைப் பெர்மிற் இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றேன். "தெரியாட்டிலும் பிழைதான். உன்னை மாதிரி ஆக்களைத்தான் எழுதினனான்."

"எத்தினை பக்கம்?" என்று கேட்டாள். மிக மெதுவாக.

"என்ன?"

"எத்தினை பக்கம் எழுதினனியள்?"

"மூண்டு."

"எனக்கு ஒருநாளும் ஒரு பக்கத்துக்கு மேலை நீங்கள் எழுதினதில்லை."

அப்போது அவளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "என்னவாம் பாக்கியம்? ஆரெண்டு தெரிஞ்சுதாமோ?" இன்னொரு குரல், வயதான குரல்: "பேரைக் கேள் பிள்ளை. பேரைக் கேள்."

எனக்கு அப்போதுதான் விளங்கினது. அவள் தனியே வரவில்லை. பெர்மிற் போன மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அண்ணை கண்டுபிடித்துவிட்டார், எல்லாரும் வாருங்கோ, கேட்பம் என்று. கனடாவில் இருக்கிற தமையனைப் பற்றி வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு வந்தாளோ.

பாக்கியம் உரத்துச் சொன்னாள். எனக்கு இல்லை, கடைக்கு.

"தெரியேல்லையாம் அக்கா. எத்தினையோ பேரிட்டை விசாரிச்சவராம். கனடா பெரிய இடமாம்."

பிறகு எனக்கு: "வைக்கிறன் அண்ணை."

வைத்துவிட்டாள். ராணி குசினி வாசலில் நின்று, "பேசினவவோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பேசியிருந்தால் நல்லது என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம். இரண்டு கடிதம் போட்டேன். ஒவ்வொன்றும் நாலு பக்கம். பதில் இல்லை. அவளுக்கு என்னில் கோபம் இருக்கட்டும். அது சரியான இடத்தில் இருக்கிற கோபம். ஆனால் அவள் ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்களோடுதான் தண்ணிக்கும் கோயிலுக்கும் போகிறாள். அவர்கள் முகத்தைப் பார்த்து என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அன்றைக்கு ரெலிபோன் கடையில் பாக்கியத்தோடு நின்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. வாசிக்கிற ஆட்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அவர்களிடம் இதைக் காட்டுங்கள். உங்கள் பெர்மிற் போகக் காரணம் பாக்கியத்தின் தமையன், லொறி ஓடின சிவபாதம். பெட்டிசம் எழுதினது நான். அவள் உங்களுக்குச் சொன்னது பொய், அது எனக்காகச் சொன்னது. அவளோடு கோபிக்க வேண்டாம். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.